கூத்தாடியும் கூலிக்காரனும்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. விடியலை எதிர்பார்த்து இரவெல்லாம் ஆடுபவன் ஒருவன். பொழுது சாய்வதை எதிர்பார்த்துப் பகலெல்லாம் உழைப்பவன் மற்றவன். கேலியாகச் சொல்லப்படும் இம்மொழியிலே ஓர் உண்மை ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூத்தாடியையும் கூலிக்காரனையும் அருகருகே நிறுத்திப் பார்த்தவர்கள் பாமர மக்கள். கூத்து ஓர் உழைப்பு. அதற்கு ஒரு முடிவுநேரம் உண்டு. முடிந்ததும் ஒரு கூலியும் உண்டு என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தனர். படித்தவர்களாகிய நாமே அதனை மறந்தோம்.

இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஒரு வகை உழைப்பாளரைப் பரவலாகக் காண்கிறோம். காலையிலே பிள்ளைகளுக்கு நடனம் பழக்கிவிட்டு, மாலையிலே மணமகளுக்கு ஒப்பனை செய்யும் யுவதி. கோயில் திருவிழாவில் மிருதங்கம் வாசித்து, மறுநாள் திருமண வீட்டில் படக்கருவியைத் தூக்கி, இடையிலே குறும்படத்துக்கு வசனம் எழுதி, முன்பள்ளிச் சுவரிலே சித்திரமும் தீட்டும் இளைஞன். இவர்கள் எவரிடத்தும் மாதச் சம்பளம் வாங்குவோர் அல்லர். எந்த ஒரு கலையும் தனித்து நின்று இவர்களுக்குச் சோறு போடுவதில்லை. ஆதலின் நான்கைந்து கலைகளைச் சேர்த்து ஒரு சீவனமாகக் கட்டியிருக்கின்றனர். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பெரியோர் இவர்களைப் பார்த்துத் தலையசைக்கின்றனர். இது கைப்பேசியோடு வந்த காலக்கோளாறு என்று ஆசிரியர் அறைகளிலும் பேச்சு அடிபடுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பாணரையும் கூத்தரையும் பொருநரையும் விறலியரையும் ஆற்றுப்படை நூல்களிலே படித்திருக்கிறோம், படிப்பித்தும் வருகிறோம். யாழும் முழவும் பிற கருவிகளும் இட்டுக் கட்டிய பையைத் தோளிற் சுமந்து, காடும் மலையும் கடந்து, அடுத்த புரவலனின் ஊர் எங்கே என்று கேட்டு நடந்தவர்கள் அவர்கள். அந்தப் பைக்கும் 'கலப்பை' என்றே பெயர். உழவனின் கலப்பையும் கலைஞனின் கலப்பையும் ஒரே சொல்லாய் நிற்பதை வகுப்பிலே சொன்னால் மாணவர் வியப்பர். பேராசிரியர் க. கைலாசபதி, பர்மிங்ஹாமிலே ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆராய்ந்து, 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூலிலே, இப்பாணர் மரபைக் கிரேக்கம் முதலிய பிறநாட்டு வாய்மொழிப் பாடகர் மரபுகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். அந்த ஒப்பீட்டோடு நாம் சேர்த்து நோக்க வேண்டியது பாணனின் பசியை. ஆற்றுப்படைகளிலே கொடைக்கு முன்னால் வருவது ஒட்டிய வயிறு. கொடை கிடைத்தால் விருந்து. கிடையாவிடின் அடுத்த ஊர். விலை பேசும் உரிமை பாணனுக்கு இருந்ததில்லை.

வன்னிக்கு வருவோம். இங்கே வள்ளல்கள் அரியர். குளமும் வயலும் காடும் இருந்தன. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில நிர்வாகி 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலிலே, உடைந்த குளங்களையும் காய்ச்சலையும் அருகிய சனத்தொகையையும் பக்கம் பக்கமாகக் காணலாம். 1940-களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியா கட்டுப்படும் வரையில் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஊர்கள் சிறியன, ஒன்றையொன்று காடு பிரித்தது. இத்தகைய ஊரிலே பாட்டுக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர், ஒப்பனைக்கு ஒருவர், உடுப்புக்கு ஒருவர் என்று பிரித்து வைத்துக்கொள்ள ஆள் ஏது? ஆகவே அண்ணாவியார் எல்லாமாயினார்.

அண்ணாவியாரின் வேலை எத்தகையது என்பதைச் சிறிது விரித்துப் பார்த்தல் நன்று. காலபோக வேளாண்மை மாசி, பங்குனியில் வெட்டி முடிய, ஊரார் கூடிக் கூத்துப் பழகத் தீர்மானிப்பர். அண்ணாவியார் பழைய கொப்பியை எடுத்து வருவார். எழுத்தறியாத இளைஞனுக்கு அவனுடைய பாட்டை வாயாற் சொல்லிக் கொடுத்து மனனமாக்குவார். குரலைப் பார்த்து அரசனையும், உடலைப் பார்த்து மந்திரியையும், முகத்தைப் பார்த்துப் பெண்வேடத்தையும் தெரிந்தெடுப்பார். தாளக்கட்டைச் சொல்லி அடவு பழக்குவார். மத்தளத்தைத் தாமே அடிப்பார். தோல் தளர்ந்தால் வார்பிடித்துச் சுருதி கூட்டுவதும் அவர் கை. மெல்லிய மரத்திலும் அட்டையிலும் முடி செய்து கண்ணாடித் துண்டு பதிப்பது, அரிதாரமும் கரியும் குழைத்து முகம் எழுதுவது, களரியின் நடுவில் வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவது, ஆட்டக்காரன் வரியை மறந்தால் பின்னின்று எடுத்துக் கொடுப்பது வரை அவர் பொறுப்பு. பழைய பாட்டிலே ஏடு கிழிந்த இடத்துக்குப் புதுவரி கட்டிச் சேர்ப்பதுமுண்டு. இன்றைய கணக்கிலே எண்ணினால், புலவர், இசையமைப்பாளர், நடன ஆசிரியர், ஒப்பனையாளர், உடையமைப்பாளர், நெறியாளர், வாத்தியக்காரர் ஆகிய ஏழு பேரின் தொழில், செய்தவர் ஒருவர்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலும், முள்ளியவளைப் பகுதியின் கோவலன் கூத்தும், ஊர்தோறும் ஆடப்பட்ட காத்தவராயன் கூத்தும் இப்படிப்பட்டவர் கைகளிலேதான் தலைமுறை தாண்டி வந்தன. குருவிப் பள்ளும் பண்டிப் பள்ளும், யானையை அடக்கிய குமுழமுனை அரியாத்தையின் பேரில் வழங்கும் ஒப்பாரியும், வயலிலும் வீட்டிலும் பிறந்த பாட்டுகள். அரியாத்தை கதை பிற்காலத்தில் 'வேழம்படுத்த வீராங்கனை' என்ற கூத்தாகவும் ஆயிற்று. வயற்பாட்டுக்கும் களரிப்பாட்டுக்கும் இடையே சுவர் இருக்கவில்லை. பாடியவனும் ஆடியவனும் உழுதவனும் ஒருவனே.

ஊதியம் எப்படி வந்தது? வெற்றிலையில் வைத்த காசு, வேட்டி சால்வை, களத்திலே அளந்து கொடுத்த நெல். இவை சேர்ந்தாலும் ஓராண்டுக் குடும்பச் செலவுக்குப் போதா. அண்ணாவியாருக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு வயலும் சில மாடும் இருந்தன. அவற்றினாலேதான் கலை பிழைத்தது. இதைப் பொற்காலமாக வருணிக்கும் எழுத்தாளர் சிலர் இருக்கின்றனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. பறை முழக்கியவனுக்கும் சூடு மிதித்த களத்தில் ஒரு பங்கு உண்டு என்பது மெய். ஆனால் அப்பங்கு அவன் கலைக்குக் கொடுத்த விலையன்று. அவன் சாதிக்கு விதித்த கடமையின் மறுபக்கம். அவன் வாசிக்க மறுத்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்தே அந்தப் பொற்காலத்தை எடைபோட வேண்டும்.

காசுக்குக் கலை விற்கும் முறை வேறு திசையிலிருந்து வந்தது. தூத்துக்குடியிலே உப்புப் பண்டகசாலையொன்றிற் கணக்கராய் இருந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அந்த உத்தியோகத்தை விட்டு நாடகத்துக்கு வந்தார். எழுதினார், பாட்டுக் கட்டினார், எமனாகவும் சனீஸ்வரனாகவும் நடித்தார், பாலர் சபைகளில் ஆசிரியராய் இருந்தார். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர் வழியாகவே பரவி, கடல் கடந்து ஈழத்து வடபகுதிக்கும் வந்தன. அவர் காலத்திலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியிருந்தார். வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. நாடகத்தை நம்பி அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை. இருவரும் நாடகத்துக்கு வாழ்வளித்தவர்கள்; இருவர் தொண்டையும் குறைத்து மதிப்பிடும் நோக்கம் நமக்கில்லை. ஆனால் சமூகம் அவர்களின் வகையாரை அழைத்த பெயர்களைக் கவனியுங்கள். இரவுக் கூலிக்கு ஆடியவன் 'கூத்தாடி'. மாலைப்பொழுதில் விருப்பத்துக்கு ஆடிய கனவான் 'கலாரசிகர்'. செய்கை ஒன்று, பெயர் இரண்டு. பிரித்தது திறமையன்று, வயிறு.

இந்தப் பிரிவினை யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. சம்பந்த முதலியாரின் வழியைப் பின்பற்றி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை சுபோத விலாச சபையிலே புகழ்பெற்றவர் கலையரசு க. சொர்ணலிங்கம். மறுபுறத்திலே, திருவிழா இரவுகளில் மணல் தரையிலே இருந்த மக்களுக்கு விடியுமட்டும் ஆடிய இசை நாடகக் குழுக்கள். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாய் வந்து பாடிய இரவுகளை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கிறோம். இக்குழுக்களிலே பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோர். மேடையிலே அரசனாய் நின்றவன், மேடையை விட்டிறங்கினால் கோயிலின் உள்வீதிக்கு வரலாகாது என்று தடுக்கப்பட்ட காலம் அது. அவர்கள் கேட்ட இரவுக்கூலியை 'பேராசை' என்று சொல்லிய வாய்களும் இருந்தன.

வன்னியின் முகம் மாறியது குடியேற்றத் திட்டங்களினால். இரணைமடு 1920-களின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கியது. 1950-களிலே வவுனிக்குளம், அதன்பின் முத்தையன்கட்டு. யாழ்ப்பாணத்துக் காணியற்றோர் வந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழரும் வந்து காமன் கூத்தையும் தப்போசையையும் இம்மண்ணிலே சேர்த்தனர். நெல் விற்ற காசு புழங்கியது. பாடசாலைகள் பெருகின. பாடசாலையோடு வந்தவர் வாத்தியார்.

அண்ணாவியாரின் ஏழு தொழில்களும் இப்போது வாத்தியாரின் தோளில் ஏறின. முள்ளியவளை முல்லைமணி வே. சுப்பிரமணியம் 'பண்டாரவன்னியன்' நாடகத்தை எழுதினார். 'அரசிகள் அழுவதில்லை' என்று சிறுகதைத் தொகுதி தந்தார். 'மல்லிகைவனம்' என்று நாவல் எழுதினார். வன்னியின் வரலாற்றையும் ஆராய்ந்தார். அவருக்குச் சோறு போட்டது ஆசிரியத் தொழிலும் பின்னர் கல்வி அதிகாரிப் பதவியும். 1973 இல் 'நிலக்கிளி' நாவலால் வன்னிக் காட்டையும் மக்களையும் இலக்கியத்தில் நிறுத்திய தண்ணீரூற்று அ. பாலமனோகரனும் ஆசிரியரே. இது தற்செயலன்று. மாத முடிவிலே வரும் சம்பளமும் மூன்று தவணை விடுமுறையும் இருந்தமையால் எழுத முடிந்தது. பிரசுரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தால் அதுவும் அச்சம்பளத்திலிருந்தே போயிற்று. நம் ஆசிரிய வர்க்கம் இதிலே பெருமை கொள்ள இடமுண்டு. ஆயினும் ஒரு தீங்கும் இதனாலேயே விளைந்தது. கலைக்குக் காசு கேளாதவனே உயர்ந்த கலைஞன் என்ற கனவான்களின் கொள்கையை, அறியாமலே, சம்பளக்காரராகிய நாமும் நாட்டுப்புறத்திற் பரப்பிவிட்டோம். நமக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. கேட்டவனை இழிவாய்ப் பார்த்தோம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1956 க்குப் பின்னர் கலைக்கழகத்தின் வழியாகவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் கூத்தை மீட்டெடுத்தார். 1960-களில் கர்ணன் போரும் இராவணேசனும் நகரமேடை ஏறின. அண்ணாவிமார் அழைக்கப்பட்டுப் பாராட்டப்பட்டனர். படித்தோர் கூத்தை மதிக்கப் பழகியது அப்போதுதான். அது பெரும் பணி. இருந்தும் மாலையும் பட்டமும் பெற்று ஊர் திரும்பிய அண்ணாவியார் மறுநாள் பழையபடி வரம்பு கட்டத்தான் போனார். கலை பாடத்திட்டத்திற் சேர்ந்தது; கலைஞனின் கூலி எந்தத் திட்டத்திலும் சேரவில்லை.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறோம். விரிவான ஆய்வு வேண்டிய பொருள் அது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்களோடு கலைஞரும் வன்னிக்கு வந்தனர். விடுதலைப் புலிகளின் ஆட்சியிலே கலை பண்பாட்டுக் கழகம், 'வெளிச்சம்' இதழ், 'புலிகளின் குரல்' வானொலி, ஒளிவீச்சுப் படைப்புகள், வீதி நாடகங்கள் எனக் கலைவேலை பெருகியது. படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் மேடையமைப்பும் கைவரப்பெற்ற ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று. ஒரே ஆள் பல கலை பழகியதும் அங்கேதான். கலைஞனுக்கு வேலையும் படியும் இருந்தன; எதைப் பாடுவது என்பதை அவன் மட்டும் தீர்மானிக்கவில்லை. போர் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, உயிர் தப்பியவர் உடுத்த உடையோடு செட்டிகுளம் முகாம்களுக்குச் சென்றனர். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். மத்தளமும் ஆர்மோனியமும் உடுப்புப் பெட்டியும் கூத்துக் கொப்பியும் வழிநெடுகிலும் கிடந்து அழிந்தன. ஒரு கொப்பி எரிந்தால் ஒரு கூத்து எரிந்தது என்று பொருள். பல கூத்துகளுக்கு இரண்டாவது கொப்பி இருந்ததில்லை.

இந்தச் சாம்பலிலிருந்து எழுந்தவர்களே தொடக்கத்தில் நாம் சொன்ன இளைஞரும் யுவதியரும். வன்னி வரலாற்றிலே இவர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பாணனுக்குப் புரவலன் இருந்தான், அண்ணாவியாருக்கு வயல் இருந்தது, வாத்தியாருக்குச் சம்பளம், போர்க்காலக் கலைஞனுக்கு இயக்கம். பின்னால் ஒன்றுமில்லாமல், கலை ஒன்றையே கைக்கொண்டு பிழைக்கத் துணிந்த தலைமுறை இதுவே.

இவர்கள் பிழைக்கும் விதத்தை அருகிலிருந்து பார்ப்போர் அறிவர். முகூர்த்த மாதங்களில் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணமில்லை. கோயில் திருவிழாக்கள் அந்த இடைவெளியில் சிலவற்றை நிரப்பும். சாமத்தியவீடு, பிறந்தநாள், கடை திறப்பு எதையும் விடமுடியாது. புலம்பெயர்ந்த உறவினர் பணம் அனுப்பும் வீட்டிலே நல்ல ஊதியம். அடுத்த வீட்டிலே "நம்ம பிள்ளைதானே, பார்த்துச் செய் தம்பி" என்ற அன்புக் கட்டளை. முற்பணம் கேட்டால் முகம் சுளிப்பு. படக்கருவியும் கணினியும் தவணைக் கடனில் வாங்கியவை. ஒரு மாதம் வேலையில்லாவிட்டால் கடன்காரன் வாசலில் நிற்பான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரே நாளிலே எல்லாக் கலைகளும் சேர்ந்து நின்றுபோயின. பல கலை தெரிந்தால் ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று காக்கும் என்ற கணக்கு, கூட்டம் கூடுவதே தடையானபோது பொய்த்தது. 2022 இல் எரிபொருள் கிடையாது, ரூபாய் வீழ்ந்தது, கொழும்பு நுகர்வோர் விலைகள் செப்டெம்பரில் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்து நின்றன. பழுதான வில்லையை மாற்ற வழியின்றிச் சிலர் கருவியையே விற்றனர்.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். ஒப்பனைக்கும் நடனத்துக்கும் போகும் பெண் அதிகாலையில் புறப்பட்டு இரவிலே திரும்ப வேண்டியிருக்கிறது. 'கூத்தாடி' என்ற பழைய வசைச்சொல் ஆண்களின் தோளிலிருந்து இறங்கி இப்போது அவள் தோளில் ஏறியிருக்கிறது. போரிலே கணவனை இழந்து, குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தையலோடு மணவறைச் சோடினையும் பழகிய பெண்ணிடம் போய், பல மரம் கண்ட தச்சன் பழமொழியைச் சொல்லத் துணிவோர் சொல்லட்டும்.

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்களா? பிரான்சு நாட்டிலே 1936 இலே திரைப்படத் தொழிலாளருக்கெனத் தொடங்கிப் பின்னர் மேடைக் கலைஞருக்கும் விரிந்த ஒரு முறை உண்டு. ஓராண்டிலே 507 மணிநேரம் கலைவேலை செய்ததற்குச் சான்று காட்டினால், வேலையற்ற நாட்களுக்கு உதவிப்பணம் கிடைக்கும். கலைஞனின் இடைவெளி நாட்களும் அவன் தொழிலின் பகுதியே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. அந்த உரிமையும் தானாய் வந்ததன்று. 2003 இல் அதை நெருக்க முயன்றபோது கலைஞர் வேலைநிறுத்தம் செய்தனர். அவிஞ்ஞோன் நாடக விழாவே அவ்வாண்டு நடைபெறவில்லை. பாரிசிலே வாழும் நம் உறவினர் இதை அறிந்திருக்கக்கூடும். யுனெஸ்கோவும் 1980 இல் பெல்கிரேட்டில் கூடிக் கலைஞரின் நிலை பற்றிய பரிந்துரையொன்றை ஏற்று, கலைஞனைத் தொழிலாளியாகக் கருதுமாறு அரசுகளைக் கேட்டது.

நம் நாட்டிலே 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழிலாளி வர்க்கம் பெற்ற பெரும் பேறு. ஆனால் அதற்கு ஒரு முதலாளி வேண்டும். திருமண வீட்டார் முதலாளி ஆகமாட்டார். 1996 இலே நிறுவப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழில் செய்வோர் தாமே சிறுதொகை செலுத்தி முதுமையில் ஓய்வூதியம் பெற வழி செய்கிறது. மிருதங்கக்காரனும் ஒப்பனைக்காரியும் சுயதொழில் செய்வோரே என்பதை வகுப்பிலே எடுத்துச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? அறுபது வயது கடந்த பின்னர் அரசு வழங்கும் கலாபூஷணம் விருதைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அறுபது வரையில் அவன் எப்படி உயிரோடிருப்பான் என்பதே கேள்வி.

அரசையும் உலகையும் விட்டு நம் பாடசாலை வாசலுக்கு வருவோம். தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால், குழுநடனத்துக்கும் நாட்டுக்கூத்துக்கும் வெளியிலிருந்து ஒருவரை அழைக்கிறோம். அவர் ஆறு வாரம் வந்து பழக்குகிறார், உடுப்புத் தைக்கிறார், போட்டியன்று முகம் எழுதுகிறார், பாட்டையும் ஒலிப்பதிவு செய்து தருகிறார். ஊதியத்தைப் பற்றி முதல்நாளில் எவரும் பேசுவதில்லை. முதலிடம் கிடைத்தால் மேடையிலே ஒரு பொன்னாடை, கிடையாவிட்டால் அதுவுமில்லை. பெற்றோரிடம் சேர்த்த சிறுதொகை, பேருந்துக்கும் சிற்றுண்டிக்கும் போக மிஞ்சினால் அவர் கைக்குப் போகும். அவரும் 'சேர்' என்று நம்மை மரியாதையாய் அழைத்து, ஒன்றும் கேளாமல் போய்விடுவார். அவருக்கு எவ்வளவு, எந்த நாளிலே கொடுபடும், பரிசு கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் கொடுபடும் என்பதை, பயிற்சி தொடங்குமுன்னரே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலே எழுதிக் கையொப்பமிடலாம். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. அடுத்த போட்டிக்குரிய பயிற்சி தொடங்குமுன் ஒரு கூட்டம் எப்படியும் நடக்கும்.